மறைய வைப்பது எளிது: மாயவித்தைக்காரர் பி. சி. சர்க்காரின் வாழ்க்கை

கிறிஸ்தோபர் நோலன் இயக்கி 2006ஆம் ஆண்டில் வெளியான ‘த பிரெஸ்டீஜ்’ என்ற ஆங்கிலப் படத்தை எம்மில் பலர் பார்த்திருப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இலண்டன் மேடைகளில் ஒருவரை ஒருவர் வீழ்த்தத் துடிக்கும் இரண்டு மாயவித்தைக்காரர்களின் கதை அது. கிறிஸ்தோபர் பிரீஸ்ட் 1995இல் எழுதிய நாவலைத் தழுவி எடுக்கப்பட்டது. திருப்பத்துக்கு மேல் திருப்பம் வரும். பார்த்து முடித்தவுடன் மறுபடியும் முதலிலிருந்து பார்க்கத் தோன்றும். பார்க்காதவர்களும் இருப்பார்கள் என்பதால் முடிவை இங்கே சொல்லவில்லை.

ஆனால் படத்தின் தொடக்கத்திலேயே வரும் ஒரு விளக்கத்தைச் சொல்லலாம். மேடை வித்தை ஒவ்வொன்றுக்கும் மூன்று பகுதிகள் உண்டு என்கிறது படம். முதலில் சாதாரணமான ஒன்றைச் சபைக்குக் காட்ட வேண்டும். அடுத்து அதை மறைய வைக்க வேண்டும். மூன்றாவதாக, மறைந்ததைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த மூன்றாவது பகுதி வரும்வரை சபை கைதட்டாது. படத்தின் பெயரே அந்த மூன்றாவது பகுதியின் பெயர்தான்.

இந்தப் படத்துக்குச் சற்றும் குறையாத திருப்பங்களோடு உண்மையிலேயே வாழ்ந்த ஒரு வித்தைக்காரர் எமது பக்கத்து நாட்டில் இருந்தார். தமிழ் ஊர்களில் பழைய தலைமுறைக்கு மேஜிக் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் அவருடையது. அவர்தான் பி. சி. சர்க்கார். மூன்றாவது பகுதியை வேண்டுமென்றே பிடித்துவைத்து ஒரு நாட்டையே ஓர் இரவு தூங்கவிடாமல் செய்தவர் அவர். அவருடைய சொந்த வாழ்க்கையிலும் அந்த மூன்றாவது பகுதி இரண்டு தடவை வராமலே போனது.

கணிதம் படித்த பிள்ளை

பிரதுல் சந்திர சர்க்கார் 1913ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி, கிழக்கு வங்காளத்தின் டாங்காயில் பகுதியில் உள்ள அசேக்பூர் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்போது அது பிரித்தானிய இந்தியா. வசதியான குடும்பம் அல்ல. சிறு வயதிலேயே கண்கட்டு வித்தையில் பித்துப் பிடித்தவர் என்றாலும் படிப்பைக் கைவிடவில்லை. மைமன்சிங்கில் உள்ள ஆனந்த மோகன் கல்லூரியில் கணிதம் படித்து 1933இல் பட்டம் பெற்றார். நல்ல உத்தியோகம் ஒன்றைத் தேடிக்கொள்ளும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அந்தப் பட்டத்தோடு அவர் மேடைக்குப் போனார்.

அவருடைய குரு கணபதி சக்கரவர்த்தி. சர்க்கஸ் கூடாரங்களில் பெயர் எடுத்தவர். கட்டிப் பூட்டிய பெட்டிக்குள் இருந்து வெளியே வரும் வித்தையில் வங்காளத்தை வியக்க வைத்தவர். பையில் பாம்பும் கூடையுமாகத் தெருவில் வித்தை காட்டும் பரம்பரைக்கும், மின்விளக்கு எரியும் அரங்குக்கும் நடுவில் ஒரு பாலம் போல இருந்தவர் அவர். அந்தப் பாலத்தைக் கடந்து மறுகரைக்கு முழுதாகப் போனவர் சர்க்கார்.

அவருடைய தொடக்க காலத்துக் கதை ஒன்று இன்றும் சொல்லப்படுகிறது. அன்று வங்காளத்தின் பிரதமராக இருந்த பஸ்லுல் ஹக் முன்னிலையில் ஒரு நிகழ்ச்சி. ஒரு தாளில் ஏதாவது எழுதும்படி ஹக்கிடம் சர்க்கார் கேட்டாராம். அவர் எழுதினார், உடனிருந்த அமைச்சர்கள் கையெழுத்திட்டார்கள். தாளை விரித்து வாசித்தபோது, அமைச்சரவை முழுவதும் பதவி விலகுவதாகவும், இனிமேல் சர்க்காரே பிரதமர் என்றும் அதில் இருந்ததாம். எவ்வளவு கூட்டிச் சொன்ன கதையோ தெரியாது. ஆனால் ஓர் இளைஞனின் பெயர் ஊரெல்லாம் பரவ அதுவே போதுமாக இருந்தது.

பெயரும் உடையும்

சர்க்கார் என்பது வங்காளத்தில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். அரசாங்கம் என்ற பொருளும் அதற்கு உண்டு. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் ஒரு வித்தைக்காரனுக்கு அது பொருந்தாத பெயர் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துகளை மாற்றி, சோர்கார் என்று வாசிக்கும்படி செய்துகொண்டார். ஆங்கிலத்தில் மந்திரவாதியைக் குறிக்கும் ‘சோர்சரர்’ என்ற சொல்லின் சாயல் அதில் வந்துவிட்டது. பெயரை விட்டுக்கொடுக்காமலே அந்நியர் காதுக்கு ஏற்றபடி திருப்பிவிட்டார். புகலிட நாடுகளில் தங்கள் பெயரைச் சுருக்கிக் கொள்ளும் எமது பிள்ளைகளுக்கு இது புதிய விடயம் அல்ல.

தொடக்கத்தில் மற்ற வித்தைக்காரர்களைப் போல மேலைநாட்டுக் கோட்டு அணிந்தே மேடை ஏறினார். பிறகு அதைக் கழற்றிவிட்டு, மகாராஜா போல ஜரிகை வேலை செய்த நீண்ட அங்கியும், இறகு வைத்த தலைப்பாகையும் அணியத் தொடங்கினார். கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அரசனின் உடை. உலகத்தின் மிகப் பெரிய வித்தைக்காரர் என்ற பட்டத்தையும், உலகம் அவரை அறிவதற்கு முன்பே, தானே தனக்குச் சூட்டிக்கொண்டார். வெளிநாட்டு மேஜிக் சஞ்சிகைகளுக்கு விடாமல் எழுதினார், படங்களை அனுப்பினார். தற்பெருமை என்று சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருந்தது.

அந்த வரலாற்றில் முன்னால் நிற்பவர் தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவர். 1810களில் இங்கிலாந்துக்குப் போய், பித்தளைப் பந்துகளை வீசிப் பிடித்தும் வாளை விழுங்கியும் காட்டிய அவரை ராமோ சமி என்று அங்கே அழைத்தார்கள். எமது காதுக்கு அது ராமசாமிதான். இந்திய வித்தைக்காரர்களின் திறமையை வியந்து வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கில எழுத்தாளர் 1821இல் ஒரு கட்டுரையே எழுதினார். அத்தனை புகழ் இருந்தும், 1850இல் இலண்டனில் ராமோ சமி இறந்தபோது, அடக்கச் செலவுக்குப் பத்திரிகை வழியாக உதவி கேட்கும் நிலையில்தான் அவருடைய மனைவி இருந்தார்.

இந்தியரின் வித்தை விலைபோனது, இந்தியர் விலைபோகவில்லை. 1849இல் நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் கூட முகத்தில் கறுப்புப் பூசி, இந்தியப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு நண்பர்கள் முன்னால் வித்தை காட்டியிருக்கிறார். நோலனின் படத்தில் வரும் சுங் லிங் சூ என்ற சீன வித்தைக்காரரும் உண்மையில் வாழ்ந்தவர். ஆனால் அவர் சீனர் அல்ல. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர். வருடக்கணக்காக மேடையில் ஆங்கிலம் பேசாமலே சீனராக நடித்தார். 1918 மார்ச்சில், துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தை இலண்டன் மேடையில் பிழைத்துப்போய், குண்டு உண்மையிலேயே மார்பில் பாய்ந்தபோதுதான், திரையை இறக்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார். மறுநாள் இறந்துபோனார்.

கிழக்கின் முகமூடியை மேற்கு அணிந்து சம்பாதித்த காலம் அது. கிழக்கிலிருந்து வந்தவரிடமோ கயிறு வித்தை தெரியுமா என்று மட்டுமே கேட்டார்கள். அந்தரத்தில் நிமிர்ந்து நிற்கும் கயிற்றில் ஒரு சிறுவன் ஏறி மறையும் வித்தை அது. அதைச் செய்து காட்டுபவருக்கு 500 கினி தருவதாக இலண்டனின் மேஜிக் சேர்க்கிள் அமைப்பினர் 1934இல் அறிவித்தார்கள். இந்தப் பின்னணியில் பார்த்தால் சர்க்காரின் மகாராஜா உடை வெறும் பகட்டு அல்ல என்பது விளங்கும். மற்றவர்கள் எடுத்து அணிந்துகொண்ட உடையை உரியவர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

1956ஆம் ஆண்டின் அந்த இரவு

1950களின் நடுப்பகுதியில் சர்க்கார் தனது குழுவோடு ஐரோப்பாவில் இருந்தார். கலாநாக் என்ற மேடைப் பெயர் கொண்ட ஜேர்மன் வித்தைக்காரர், தனது வித்தைகளைச் சர்க்கார் திருடிவிட்டதாகக் குற்றம் சாட்டினார். ஹிட்லர் காலத்தில் செல்வாக்கோடு இருந்த ஒருவர், இந்தியப் பாம்பின் பெயரைச் சூட்டிக்கொண்டு, ஓர் இந்தியரைப் பார்த்துத் திருடன் என்றது ஒரு வேடிக்கைதான். வித்தைக்காரர்கள் எல்லோரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்து மெருகேற்றியவர்களே என்று சர்க்காருக்காகப் பரிந்து பேசியவர்கள் மேற்கிலேயே இருந்தார்கள்.

அடுத்தது இலண்டன். டியூக் ஒஃப் யோர்க் அரங்கில் நிகழ்ச்சிகள் ஏற்பாடாகி இருந்தன. ஆனால் ரிக்கெற் விற்பனை மந்தம். இந்த நிலையில் பிபிசி தொலைக்காட்சியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் ஒரு வித்தை காட்ட அழைப்பு வந்தது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி இரவு, நேரடி ஒளிபரப்பு. 17 வயதுடைய உதவியாளர் பெண்ணை மயக்க நிலைக்குக் கொண்டுபோய் மேசையில் கிடத்தினார். மின்சாரத்தில் சுழலும் வட்ட வாளை அவருடைய இடுப்பின் குறுக்கே இறக்கினார்.

பெண்ணை அறுக்கும் வித்தை அன்றைக்குப் புதியது அல்ல. செல்பிற் என்பவர் அதே இலண்டனில் 1921இலேயே அதைச் செய்து காட்டிவிட்டார். அறுத்த பெண் சிரித்தபடி எழும்புவாள் என்று எல்லோருக்கும் தெரியும். சர்க்கார் பெண்ணின் கைகளைத் தேய்த்தார். பெயர் சொல்லி எழுப்பினார். அசைவில்லை. தலையை ஆட்டியபடி ஒரு கறுப்புத் துணியால் அவரை மூடினார். அந்த நேரத்தில் நிகழ்ச்சியை நடத்திய ரிச்சர்ட் டிம்பிள்பி கமராவின் முன்னால் வந்து நின்று, நிகழ்ச்சி முடிந்தது என்று இரவு வணக்கம் சொன்னார்.

பிபிசியின் தொலைபேசிகள் ஓயாமல் அடிக்கத் தொடங்கின. அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது, உயிரோடு இருக்கிறாளா என்று ஆட்கள் பதறினார்கள். பெண் நலமாக இருக்கிறார், நேரம் போதாமல் போய்விட்டது, அவ்வளவுதான் என்று விளக்கம் சொல்லப்பட்டது. மறுநாள் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் சர்க்கார் இருந்தார். மந்தமாக இருந்த ரிக்கெற்றுகள் விற்றுத் தீர்ந்தன. நொடிக் கணக்கில் திட்டமிட்டு மேடையை நடத்தும் ஒரு கணிதப் பட்டதாரிக்கு நேரம் போதாமல் போனது எப்படி என்று தொழில் தெரிந்தவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

அந்த இரவில் சர்க்கார் புதிதாக எந்த வித்தையையும் செய்யவில்லை. 35 வருடப் பழைய வித்தை ஒன்றின் கடைசிப் பகுதியைச் செய்யாமல் விட்டார். ஒருவர் மறைவதிலோ அறுபடுவதிலோ மக்களுக்குப் பயம் இல்லை, திரும்பி வராமல் இருப்பதில்தான் பயம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்தியாவின் தண்ணீர்

அவருடைய பெரிய மேடை நிகழ்ச்சிக்கு ‘இந்திரஜால்’ என்று பெயர். எமது இந்திரஜாலம்தான். இந்திய இசை, நடனம், கண்ணைப் பறிக்கும் திரைகள், அலங்கார வண்டிகள் என்று ஓர் அரசவை ஊர்வலம் போல இருக்கும். கண்களை மாவாலும் பஞ்சாலும் மூடி, அதன்மேல் துணியையும் கட்டிக்கொண்டு, சபையில் யாரோ கரும்பலகையில் எழுதியதை வாசிப்பார். அதே கட்டோடு நகரத் தெருக்களில் சைக்கிள் ஓட்டிக் காட்டுவார்.

எல்லாவற்றிலும் எளிமையானது ‘இந்தியாவின் தண்ணீர்’ என்ற வித்தை. ஒரு செம்பில் இருக்கும் தண்ணீரை முழுவதும் ஊற்றிக் கவிழ்த்து, காலியாகிவிட்டது என்று காட்டுவார். அடுத்த வித்தைக்குப் போவார். சிறிது நேரத்தில் அதே செம்பைத் தூக்குவார், மறுபடியும் தண்ணீர் ஊற்றும். நிகழ்ச்சி முடியும்வரை அந்தச் செம்பு வற்றாது. இரட்டைச் சுவர் கொண்ட செம்பு, விரலால் மூடித் திறக்கும் சிறு துளை, காற்றின் அழுத்தம். இவ்வளவுதான் இந்தவகைச் செம்பு வித்தையின் சூட்சுமம், இது பழைய மேஜிக் புத்தகங்களிலேயே உள்ளது. ஆனாலும் ஒவ்வொரு நாட்டுச் சபையும் அந்தச் செம்புக்காகக் காத்திருந்தது. போய்விட்டது என்று நினைத்தது திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சி அது. 1964இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

வராமல் போன மூன்றாவது பகுதி

செம்பில் தண்ணீரைத் திரும்ப வரவழைத்தவருக்குச் சொந்த ஊர் திரும்ப வரவில்லை. 1947இல் இந்தியா பிரிக்கப்பட்டபோது டாங்காயில் கிழக்குப் பாகிஸ்தானாகிவிட்டது. கல்கத்தாவைத் தளமாகக் கொண்ட சர்க்கார் இந்தியர், அவர் பிறந்த வீடு இருந்த மண் வேறு நாடு. அவரைப் போல இலட்சக்கணக்கான கிழக்கு வங்காளத்தவருக்கு அதுவே நடந்தது. அதே மண் 1971 டிசம்பரில் மறுபடியும் பெயர் மாறி வங்காளதேசம் ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அந்த வருடம் பிறந்து ஆறாவது நாளில், ஜனவரி 6ஆம் திகதி, யப்பானில் சுற்றுப்பயணத்தின் நடுவே மாரடைப்பால் அவர் இறந்தார். வயது 57. யப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவு, உறைபனிக் காலம். மனைவி பிள்ளைகளுக்கும் அவருக்கும் நடுவில் கடல்.

இந்த இடத்தில் எமது வளைகுடா வாழ்க்கையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நான் இருக்கும் கட்டாரின் ராஸ் லஃபான் துறைமுகத்தில், எரிவாயுவைச் சுழியத்துக்குக் கீழே 162 பாகை வரை குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். கிட்டத்தட்ட 600 மடங்கு சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத வாயு தண்ணீர் போலாகிவிடும். கட்டாரிலிருந்து முதலில் அப்படிப் புறப்பட்ட சரக்கு, 1996ஆம் ஆண்டின் இறுதியில், யப்பானுக்குத்தான் போனது. அங்கே போனதும் அதைச் சூடாக்கி மறுபடியும் வாயுவாக்கி அடுப்பையும் மின்நிலையத்தையும் எரிக்கிறார்கள். மறைந்தது உரிய இடத்தில் திரும்ப வந்துவிடுகிறது. அதை அனுப்பிவைக்கும் மனிதர்களுக்கு அப்படி ஓர் உத்தரவாதம் இல்லை. இரண்டு வருட ஒப்பந்தம் என்று வந்து, பெட்டியில் ஊர் திரும்பியவர்களை இங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். சர்க்காரின் சாவு புகழ்பெற்றவரின் சாவு. ஆனால் அதன் வடிவம் எமக்குப் பழக்கமானது. குடும்பத்துக்காகத் தூரதேசம் போனவர், வேலையின் நடுவில், குளிரில்.

அவருடைய இரண்டாவது மகன் பிரதீப்புக்கு அப்போது 24 வயது. தந்தை பாதியில் விட்ட நிகழ்ச்சிகளை யப்பானில் அவர் ஏற்று நடத்தினார். துக்கம் ஆறுவதற்கு முன்பே தந்தையின் மேடையில் நின்றார். பி. சி. சர்க்கார் இளையவர் என்ற பெயரில் அவர் பிறகு உலகம் அறிந்த வித்தைக்காரரானார். 1992இல் ஒரு ரயிலையும், 2000இல் தாஜ்மகாலையும் கூட்டத்தின் கண்முன்னே மறைய வைத்துக் காட்டினார். அவருடைய மகள் மேனகாவும் இன்று மேடையில் இருக்கிறார். 2010ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி, மூத்தவரின் பிறந்தநாளில், இந்திய அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. மறைந்த ஒருவரைத் திரும்பக் கொண்டுவர ஒரு குடும்பத்தால் முடிந்தது இவ்வளவு. அது சிறிய விடயம் அல்ல.

எமது சபை

1956இல் பிரித்தானிய மக்கள் ஓர் இரவு தவித்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் எழும்பவில்லை என்பதற்காகத் தொலைபேசியை எடுத்தார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் உடனே பதில் சொன்னார்கள், பெண் மறுநாளும் மேடையில் நின்றார். தவிப்பு மகிழ்ச்சியாகிவிட்டது. வித்தை என்பது அதுதான்.

எமது தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்தார்கள். கையில் பிள்ளைகளின் படங்கள். கையளித்த பிள்ளை எங்கே, கூட்டிப்போன கணவன் எங்கே என்ற ஒரே கேள்வி. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். மறைய வைத்தவர்கள் இன்றுவரை துணியை விலக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று யாராவது முன்னால் வந்து வணக்கம் சொன்னால், அதை ஏற்றுக்கொண்டு எழும்பிப் போக எமது சபையால் முடியாது. அந்த இரவில் பிபிசியை அழைத்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்றால், இதுவும் நியாயமான கேள்விதான்.

ஒருவரை மறைய வைக்கப் பெரிய திறமை தேவையில்லை, ஒரு பெட்டியும் ஒரு துணியும் போதும். திரும்பக் கொண்டுவருவதற்குத்தான் உழைப்பும் நேர்மையும் வேண்டும். சர்க்கார் என்ற கலைஞர் வாழ்நாள் முழுவதும் சபைக்கு அந்தக் கடனைத் தீர்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் அடுத்த தடவை நோலனின் படத்தைப் போட்டுப் பார்க்கும்போது, பக்கத்தில் இருந்து சர்க்காரின் கதையையும் சொல்லுங்கள். சொந்த ஊரை இழந்தும், பெயரை இழக்காமல், கிழக்கின் உடையோடு மேற்கின் மேடையில் நிமிர்ந்து நின்ற ஒருவர் இருந்தார் என்று அவர்கள் அறியட்டும். மூன்றாவது பகுதி வராதவரை கைதட்டக் கூடாது என்பதையும் சேர்த்தே அறியட்டும்.